ஒரே வகுப்பை எட்டு முறை நடத்துங்கள்: ஆன்லைன் சமையல் வகுப்பில் கை சுட்டுக்கொண்ட பிறகு தெரிவது

ஆன்லைன் சமையல் வகுப்பு தொடங்குகிற பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறோம். சமைக்கத் தெரியும், பேச வரும், கையில் நல்ல போன் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். முதல் வகுப்புக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வருவார்கள், பாராட்டுவார்கள். அடுத்த வாரம் புது மெனு. அதற்கடுத்த வாரம் இன்னொரு புது மெனு. மூன்றாவது மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வந்த பணம் காய்கறிக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போயிருக்கும், முதுகுவலி மட்டும் மிச்சம். வெளியே சொல்லவும் கூச்சம். "வகுப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்பவர்களிடம் "நல்லா போகுது" என்று சொல்லிவிட்டு, ஏழு சீட் காலியாகக் கிடக்கும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடம் நடத்த வேண்டியிருக்கும். முதலிலேயே யாராவது கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் அந்த மூன்று மாதமும் வீணாகியிருக்காது. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

90 நிமிட வகுப்பு என்று விளம்பரத்தில் போடுகிறோம். அதற்கு உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புதிய உணவு என்றால் வகுப்புக்கு முன் குறைந்தது மூன்று முறை செய்து பார்த்தாக வேண்டும்: ஒரு முறை உங்கள் கைப்பழக்கப்படி, ஒரு முறை எழுதிவைத்த அளவை மட்டும் நம்பி, ஒரு முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் பேசுவதுபோல் வாய்விட்டுப் பேசியபடி. அதற்கே நாலரை மணி நேரம். பொருள் பட்டியலும் செய்முறையும் எழுத 2 மணி, விளம்பரமும் விசாரிப்பவர்களுக்குப் பதிலும் 2 மணி, பொருள் வாங்க 1, கழுவி நறுக்கி எடுத்துவைக்க 1, கேமராவும் லைட்டும் பொருத்த அரை, வகுப்பு இழுத்துக்கொண்டு போய் 2, பாத்திரம் கழுவ 1, முடிந்த பிறகு வரும் சந்தேகங்களுக்கு 1. மொத்தம் 15 மணி நேரம். அதே வகுப்பை இரண்டாம் முறை நடத்தினால்? சோதனையும் எழுத்து வேலையும் இல்லை, விசாரிப்பவர்களுக்கான பதில்கள் தயாராக இருக்கின்றன, வகுப்பும் 90 நிமிடத்தைத் தாண்டி இழுக்காது. 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். எட்டு வாரம் எட்டுப் புது மெனு என்றால் 120 மணி நேரம். ஒரே வகுப்பை எட்டு முறை நடத்தினால் 57 மணி நேரம். பொருள் செலவும் அப்படித்தான். புது வகுப்புக்கு மூன்று சோதனை, வகுப்பில் செய்வது, இடையில் காட்டுவதற்காக முன்பே செய்துவைப்பது என்று ஐந்து மடங்கு பொருள் வேண்டும். பழைய வகுப்புக்கு இரண்டு மடங்கு போதும்.

"ஒரே மெனுவைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஆட்கள் சலித்துவிடுவார்களே" என்ற பயம்தான் எல்லோரையும் புது மெனுவின் பின்னால் ஓட வைக்கிறது. சலிப்பது நமக்குத்தான். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அது முதல் முறை. ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பது தனிக் கேள்வி, அதற்கு நான்கைந்து வகுப்புகள் கொண்ட ஒரு வரிசை போதும். வருடத்துக்கு ஐம்பது மெனு தேவையே இல்லை.

கட்டணத்தை வைக்கும்போது பக்கத்தில் ஒருவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்து அதில் கொஞ்சம் குறைப்பது வழக்கமாக நடப்பது. அவருடைய கணக்கு நமக்குத் தெரியாது, அவரும் நஷ்டத்தில் நடத்திக்கொண்டிருக்கலாம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி வேண்டும் என்று முடிவு செய்து அதை 6-ஆல் பெருக்குங்கள். பொருள் செலவு, எரிவாயு அல்லது மின்சாரம், மென்பொருள் சந்தாவில் அந்த வகுப்பின் பங்கு, கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் இரண்டு மூன்று சதவீதம் எல்லாவற்றையும் சேருங்கள். முதல் முறை செலவான கூடுதல் 9 மணி நேரத்தையும் எட்டு வகுப்புகளுக்குப் பிரித்துப் போடுங்கள். இப்படிக் கூட்டி வந்த தொகையை சீட் எண்ணிக்கையால் வகுக்கும்போதுதான் கவனம் வேண்டும். பத்து சீட் என்றால் பத்தால் வகுக்காதீர்கள், ஆறால் வகுங்கள். பத்தும் நிரம்பினால் லாபம், ஆறு நிரம்பினால் கூலி, நான்குதான் நிரம்பியது என்றால் வகுப்பைத் தள்ளிவைக்கலாமா என்று யோசிக்கலாம். இலவச வகுப்பு நடத்திக் கூட்டம் சேர்க்கலாம் என்று தோன்றினால், இலவசத்துக்குப் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வராமல் போவது சாதாரணம் என்பதை நினைவில் வையுங்கள். வருகிறவர்களில் பலரும் அடுத்த இலவசத்துக்குத்தான் காத்திருப்பார்கள். அதைவிட, உண்மையான வகுப்பின் ஒரு சிறு பகுதியை மட்டும் 20 நிமிடம் செய்து காட்டுங்கள், அது முடிவதற்குள் கட்டண வகுப்பின் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

இனி வகுப்புக்குள் போவோம். நேரடி வகுப்பில் எல்லோரும் உங்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். ஆன்லைனில் நீங்கள்தான் பத்து வீட்டு அடுப்படியில் நிற்கிறீர்கள், வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது, வாணலியின் சூடும் தெரியாது. பெரும்பாலான சொதப்பல்களுக்குக் காரணம் இதுதான். வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். "வெங்காயம் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்குங்கள்" என்று எழுதிவிட்டு வகுப்பைத் தொடங்கியிருப்பீர்கள். நடுத்தர வெங்காயம் ஒன்றை நீங்கள் ஒரு நிமிடத்தில் நறுக்கிவிடுவீர்கள். புதிதாகக் கற்பவருக்கு நாலைந்து நிமிடம் ஆகும், மூன்று வெங்காயம் என்றால் கால் மணி நேரம். இதை வகுப்பில் நறுக்க வைத்தால் அங்கேயே வகுப்பு செத்துவிடும். சரி, நறுக்கியாயிற்று, வதக்குகிறார்கள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் போகும் வரை வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. ஒருவர் அகலமான வாணலியில் போட்டிருப்பார், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். இன்னொருவர் சின்னப் பாத்திரத்தில் குவித்துப் போட்டிருப்பார், அது தன் நீரிலேயே வெந்துகொண்டிருக்கும். லேசான பொன்னிறத்துக்கே 12 முதல் 15 நிமிடம் வேண்டும். அடர்ந்த பழுப்பு நிறம், இனிப்பு ஏறிய பக்குவம் வேண்டுமென்றால் மிதமான தீயில் 40 நிமிடத்துக்குக் குறையாது. ஐந்து நிமிடம் முடிந்ததும் பத்துத் திரையிலும் பத்து நிறம் தெரியும், எல்லோரும் ஒரே நேரத்தில் "இது சரியா?" என்று வாணலியைக் கேமராவுக்குக் காட்டுவார்கள். அவர்கள் வீட்டு மஞ்சள் பல்பில் பச்சை வெங்காயம்கூடப் பொன்னிறமாகத்தான் தெரியும்.

எனவே நிமிடத்தையும் நிறத்தையும் மட்டும் சொல்லாதீர்கள், கைக்கும் காதுக்கும் எட்டுகிற அடையாளத்தைச் சொல்லுங்கள். "கரண்டியால் அழுத்தினால் வெங்காயம் நசுங்குகிறதா? எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தெரிகிறதா? சலசலப்பு அடங்கி மெல்லிய பொரிகிற சத்தம் கேட்கிறதா? அடியில் பழுப்புப் படலம் ஒட்ட ஆரம்பித்ததா?" இப்படிக் கேட்டால் அவரே ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிடுவார், நீங்கள் அவருடைய திரையைக் குனிந்து குனிந்து பார்க்க வேண்டியதில்லை. காத்திருக்கும் 12 நிமிடத்தில் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். அடுத்த மசாலாவை அளப்பது, பாத்திரம் கழுவுவது, இந்தப் படியில் என்னென்ன தவறும் என்று சொல்வது என எதுவும் ஆகலாம். சும்மா இருந்தால் ஆட்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

அடுப்பு விஷயமும் இதேதான். ஒரு லிட்டர் தண்ணீரை நல்ல இண்டக்‌ஷன் அடுப்பு மூன்று நான்கு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். சின்ன எரிவாயு பர்னரில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், சுருள் கம்பி அடுப்பு இன்னும் மெதுவாகச் சூடாகி, அணைத்த பிறகும் சூட்டை விடாது. பதிவுப் படிவத்திலேயே "எந்த வகை அடுப்பு, எத்தனை பர்னர், அடி கனமான பாத்திரம் இருக்கிறதா" என்று மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். தண்ணீர் கொதிப்பதற்காகக் காத்திருக்கும் படி ஏதாவது இருந்தால், வகுப்பு தொடங்கும் முன்பே அடுப்பில் ஏற்றிவைக்கச் சொல்லலாம். உங்கள் நேரத்தைப்போல் மூன்று மடங்கு என்று வைத்துத் திட்டமிட்டால் வகுப்பு சரியாக முடியும். நீங்கள் 30 நிமிடத்தில் செய்து முடிப்பதுதான் 90 நிமிட வகுப்புக்கு ஏற்ற உணவு. இரண்டு உணவு கொடுத்தால் மதிப்பு கூடும் என்று சேர்ப்பது புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வரும்போது உயரமும் குறுக்கே வரும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. 1,500 மீட்டரில் வசிப்பவருக்கு 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். நீங்கள் எழுதியது தப்போ என்று அவர் நினைத்துக்கொள்வார். ஈஸ்ட் போட்ட மாவில் இது இன்னும் மோசம். 28 டிகிரி அறையில் ஒரு மணி நேரத்தில் உப்பும் மாவு, 20 டிகிரி அறையில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கேட்கும். ரொட்டி வகுப்பென்றால் முதல் பிசைதலை முந்தைய நாளே வீடியோவில் கொடுத்துவிட்டு, வகுப்பில் உப்பிய மாவிலிருந்து ஆரம்பியுங்கள்.

அளவு என்று வந்தால் கப்பை விட்டுவிடுங்கள். மெட்ரிக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் சுமார் 237, ஜப்பானியக் கப் 200. மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. இதுகூடப் பரவாயில்லை, ஒரே கப்பில் மாவை லேசாகத் தூவி நிரப்பினால் 120 கிராம், டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம். அந்த 30 கிராம் வித்தியாசத்தில்தான் "உங்கள் அளவுப்படிதான் செய்தேன், கல்லு மாதிரி வந்தது" என்ற புகார் பிறக்கிறது. தராசு இல்லாமல் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னால் இரண்டு பேர் குறைவார்கள், குறையட்டும். உப்பும் அப்படியே. பொடி உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் என்றால் பரல் உப்பு அதைவிடக் குறைவு. பொருள் பட்டியலை ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள், இரண்டு நாள் முன்பு ஒருமுறை, அன்று காலை ஒருமுறை நினைவூட்டுங்கள். பட்டியலில் மூன்று பகுதி இருக்கட்டும்: வாங்க வேண்டியது, வகுப்புக்கு முன் நறுக்கி அளந்து வைக்க வேண்டியது, வகுப்பில் கையில் இருக்க வேண்டிய பாத்திரங்கள். எது இல்லையென்றால் எதைப் போடலாம், எதை மாற்றவே கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிட்டால் வகுப்பின் முதல் பத்து நிமிடம் மிச்சமாகும். வேர்க்கடலை, எள், பால், முட்டை, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருட்களைத் தனியாகக் குறிப்பிடுவது மரியாதைக்காக மட்டுமல்ல, நாளை ஏதாவது ஆனால் உங்களைக் காப்பதும் அதுதான். கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும் என்று வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

கேமராவுக்கு அதிகம் செலவழிப்பது இன்னொரு பொறி. புதுக் கேமரா வாங்கினால் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்து ஆறு வகுப்பின் வருமானத்தை அதில் போடுபவர்கள் உண்டு. ஆட்கள் வகுப்பை விட்டுப் போவதற்குப் படத்தைவிடச் சத்தம்தான் அதிகக் காரணம். போதுமானது இரண்டு போன், ஒன்று முகத்துக்கு, ஒன்று மேலிருந்து. மேல் கேமரா வாணலிக்கு நேர் மேலே இருந்தால் ஆவி லென்ஸில் படியும், போன் சூடேறித் தானாக அணைந்துபோகும். 60 முதல் 70 செ.மீ. உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்து வையுங்கள். படம் உங்கள் கண் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும், எதிரே நிற்பவர் பார்ப்பதுபோல் இருந்தால் எல்லோருக்கும் கை தலைகீழாகத் தெரியும். திரையில் உணவை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தட்டு உள்ளே வந்ததும் உணவு கறுத்துப்போகும். லைட் தலைக்கு மேலே வேண்டாம், எண்ணெயும் எவர்சில்வரும் கண்ணைக் கூசும். பக்கவாட்டிலிருந்து வரட்டும், மஞ்சள் விளக்கையும் வெள்ளை விளக்கையும் கலக்காதீர்கள்.

ஜூமில் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது, அதன் இரைச்சல் குறைப்பு வசதி பொரிகிற சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும் என்பது. காதால் பக்குவம் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது போனை ஆடியோ இணைக்காமல் சேருங்கள், இல்லையென்றால் ஊளைச் சத்தம் காதைக் கிழிக்கும். மேல் கேமராவை ஸ்பாட்லைட் செய்யாவிட்டால், அதாவது எல்லோர் திரையிலும் அதுவே நிலையாகத் தெரியும்படி வைக்காவிட்டால், யாராவது இருமினாலும் எல்லோருடைய திரையும் அவர் முகத்துக்குத் தாவும். காலர் மைக் ஏப்ரனில் உரசாத இடத்தில் இருக்கட்டும். நறுக்குப் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகையும் நழுவாது, தொம் தொம் என்று கேட்கவும் கேட்காது. இன்னொன்று, மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. வெண்ணெய் உருக்க அரை நிமிடம் மைக்ரோவேவைப் போட்டதும் படம் உறைந்தால் இணைய நிறுவனத்தைத் திட்டாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் கேபிளே போட்டுவிடுங்கள்.

சேர்ந்து செய்கிற வகுப்புக்குப் பத்துப் பேர் என்பதே தனியாளுக்கு உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் கேள்விகளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் டெமோ என்றால் ஐம்பது பேர்கூட இருக்கலாம், கட்டணம் மட்டும் அதற்கேற்றபடி குறைவு. எல்லோரையும் மியூட்டில் போட்டுவிட்டுப் பேசும்போது வரும் அந்த மௌனம் முதல் சில வாரம் ஆளையே தின்றுவிடும். மொக்கை போடுகிறோமோ என்று பதறிப் பேச்சை வேகமாக்குவோம், வேகமாக்கினால் அவர்கள் இன்னும் பின்தங்குவார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் பெயர் சொல்லி இரண்டு பேரைக் கேளுங்கள், எப்போதும் மெதுவாக வருகிறவரை முதலில்.

பணம் முன்பணமாக முழுதும் வந்த பிறகே லிங்க் போக வேண்டும். ரிஃபண்ட் விதியை இரண்டே வரியில் எழுதுங்கள், உதாரணமாக 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணம், அதற்குப் பிறகு அடுத்த பேட்சுக்கு மாற்றம் மட்டும். ஒரே வகுப்பைத் திரும்ப நடத்துவதன் இன்னொரு வசதி இது, மாற்றிக் கொடுக்க அடுத்த தேதி எப்போதும் இருக்கும். வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் விழித்திருங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுகிறது, ஐரோப்பா அந்த மாதக் கடைசி ஞாயிறுதான் மாற்றுகிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் ஒரு சாரார் ஒரு மணி நேரம் தாமதமாகவோ முன்னதாகவோ வந்து நிற்பார்கள், தப்பு யார்மேல் என்ற வாக்குவாதத்தில் ரிஃபண்ட் போகும். நேரத்தை அவரவர் ஊர் நேரத்திலேயே எழுதி அனுப்புங்கள்.

ரெக்கார்டிங் போட்டு விற்றால் தூங்கும்போதும் பணம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வரலாம், ஆனால் யார் மாணவரைக் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்து. வீடியோ பாடங்களை விற்றுத் தரும் யுடெமி போன்ற தளத்தில் உங்கள் லிங்க் வழியே ஒருவர் பாடத்தை வாங்கினால் 97 சதவீதம் உங்களுக்கு, தளமே ஆளைக் கொண்டுவந்தால் 37 சதவீதம். சொந்த ஆட்கள் இல்லாமல் அங்கே போய் நின்றால் உங்கள் உழைப்பின் பெரும்பங்கு கடைக்காரருக்கு. நேரடி வகுப்பை ஏழெட்டு முறை நடத்தி, எங்கே எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்த பிறகு பதிவு செய்தால் அந்த வீடியோவுக்கு ஒரு மதிப்பு இருக்கும். முதல் மாதமே பதிவு செய்தது மூன்றாம் மாதம் பார்க்கச் சகிக்காது.

அதனால் வகுப்பு முடிந்ததும் உடனே சிங்க் பக்கம் போகாதீர்கள். லைட்டை அணைக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: "23-வது நிமிடம், வெங்காயம், மூன்று பேர் கேட்டார்கள். 41-வது நிமிடம், தண்ணீர் போதவில்லை, இருவர். 70-வது நிமிடம், நானே அவசரப்பட்டேன்." அடுத்த வாரம் அதே வகுப்புக்கு உட்காரும்போது பொருள் பட்டியலில் அந்த மூன்று இடத்தை மட்டும் திருத்துங்கள்.